சர்வருக்கு மறுபூஜை

செப்டம்பர் 23, திங்கள்

முதலாளி ஐயா சரி சொல்லிவிட்டார். சொல்லியேவிட்டார்! பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் கரூர் ரோட்டைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் கம்பெனி மெயில் எல்லாம் கிளவுடுக்குப் போகப்போகிறது. சாம்பிள் ரூமுக்குப் பக்கத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, கரண்ட் போகும்போதெல்லாம் யூ.பி.எஸ்.ஸோடு சேர்ந்து அலறுகிற அந்தக் கறுப்பு சர்வருக்கு இனி ஓய்வு. மாற்றப்போவது நான். பேக்கிங் லிஸ்ட் டைப் அடிக்க வந்த தாரணி, பி.காம்., இரண்டு அரியர். கம்ப்யூட்டர் படித்ததெல்லாம் யூடியூபில்தான், அதிலும் முக்கால்வாசி மேகராஜா அண்ணன் சேனலில்.

"அம்மிணி, நம்ம மெயிலெல்லாம் அவிங்க வூட்டுல இருக்கும். நாளைக்கு வாடகையை ஏத்துனா என்ன பண்றது?" என்று கேட்டார் ஐயா.

"இப்ப மட்டும் நம்ம வூட்டுல சும்மாவாங்கய்யா இருக்குது? ஏ.சி., பேட்டரி, மாசம் ஒருக்கா ரிப்பேரு..."

"அதுஞ் செரி." மேசைமேல் கிடந்த கிச்சன் டவலின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். "ஒரு மெயிலு தவறுச்சுன்னா?"

"ஒண்ணுகூடத் தவறாதுங்கய்யா."

யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது.

அம்மாவும் இதே கம்பெனிதான், செக்கிங் டேபிளில். தைத்து வரும் டவலை விரித்துப் பார்த்து, பிசிறோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவைக்க வேண்டும். ஐயாவிடம் சொல்லி என்னை உள்ளே சேர்த்ததும் அம்மாதான். மதியம் ஓடிப்போய்ச் சொன்னேன். கையிலிருந்த டவலை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே, "என்ற பேரைக் கெடுத்துராத கண்ணு" என்றாள்.

வாழ்த்து முடிந்தது.

செப்டம்பர் 25, புதன்

மேகராஜா அண்ணனின் 'உங்க கம்பெனி மெயிலை மேகத்துக்கு மாத்துங்க மக்களே' முழு வீடியோவையும் பார்த்துவிட்டேன். சினிமா நீளம். இரட்டை வேகத்தில் ஓடவிட்டேன், நடுவில் விளம்பரம் வந்த இடங்களைத் தாண்டிவிட்டேன். "அண்ணா!!! நான் நிஜமாவே ஒரு கம்பெனியை மாத்தப் போறேன்!!!" என்று கமென்ட் போட்டேன். அண்ணன் ஹார்ட் விட்டார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வால்பேப்பராக வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

பழைய மெயில்களைக் கிளவுடுக்கு நகலெடுக்கத் தொடங்கிவிட்டேன். அக்கவுன்ட்ஸ் முடிந்தது, டிஸ்பாட்ச் முடிந்தது. ரெஜினா அக்காவின் மெயில் பெட்டி மட்டும் ஆட்டை விழுங்கிய மலைப்பாம்பு மாதிரி நகராமல் கிடக்கிறது. ரெஜினா அக்காதான் எங்கள் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டு பையர்களிடம் பேசுவது, ஆர்டர் வாங்குவது எல்லாம் அவர்தான்.

"எத்தனை போட்டோக்கா வச்சிருக்கீங்க! எல்லாமே டவலு!"

"ஏன்டி, டவல் கம்பெனியில வேற என்ன இருக்கும்? மயிலா இருக்கும்?"

அக்டோபர் 4, வெள்ளி

தேதி முடிவாகிவிட்டது. ஆயுத பூஜை லீவில் மாற்றம். ஆபீஸ் மூடியிருக்கும், யாருக்கும் தொந்தரவு இருக்காது.

ரெஜினா அக்காவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. ஜெர்மன் பையரின் வசந்தகால ஆர்டர் அந்த வாரத்தில்தான் வருமாம். அவர்கள் கம்ப்யூட்டரே அனுப்புகிற மெயில் அது. அதில் இருக்கும் லிங்க்கை அழுத்தி, ஆர்டரை ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்ல வேண்டும். மறுநாள் சாயங்காலத்துக்குள் அழுத்தாவிட்டால் ஆர்டர் தானாக வேறு ஊர் கம்பெனிக்குப் போய்விடும். திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்கலாம் என்றால், அந்தப் பக்கம் கேட்பதற்கு மனுஷனே கிடையாது.

"அது வரலேன்னா தீவாளிக்கப்புறம் தையலுக்கும் செக்கிங்குக்கும் ஒரு ஷிப்டுதான் ஓடும், தெரியும்ல?" என்றார்.

தெரியும். செக்கிங்கில் ஒரு ஷிப்ட் என்றால் பாதிப் பேர் வீட்டில் இருக்க வேண்டும். அதில் அம்மா எந்தப் பாதி என்று யாரும் சொல்லவில்லை.

"பழைய சர்வரே ஆயுத பூஜைக்குத் தூங்கும்டி. ஒரு நா பூரா ஒண்ணும் வராது. மறுநா காலைல பாரு, காத்தடிச்ச மாங்கா மாதிரி பொலபொலன்னு வந்து வுழும்" என்றும் சொன்னார்.

நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. கிளவுடுக்குத் தூக்கமே கிடையாது என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 7, திங்கள்

பயம் இல்லை. நகம்தான் தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 8, செவ்வாய்

கம்பெனிக்கு சி.சி.டி.வி. மாட்டித்தருகிற கேமரா பிரபு வந்தார். பழைய சர்வர் காலியானதும் அதன் ஹார்ட் டிஸ்க்குகளைத் துடைத்து சி.சி.டி.வி. பதிவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஐயாவுக்கு யோசனை. எதையும் வீணாக்க மாட்டார். சனிக்கிழமை மறுபூஜை முடிந்ததும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதற்குள் நகல் எடுத்து முடிந்திருக்கும், புது மெயில் எல்லாம் கிளவுடில் விழும், பெட்டி வெறும் பெட்டியாகிவிடும்.

"எல்லாத்தையும் எடுத்தாச்சான்னு நல்லாப் பாத்துக்கங்க தங்கச்சி. நான் துடைச்சேன்னா துடைச்சதுதான்."

சிரித்தேன். சிரிப்பு கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது என்று நினைக்கிறேன். பிரபு ஒரு மாதிரி பார்த்தார்.

அக்டோபர் 10, வியாழன்

கம்பெனி முழுக்கச் சோப்புத் தண்ணீர். தையல் மெஷின்களைத் துடைக்கிறார்கள், கத்தரிக்கோல்களைக் கழுவித் துணியில் அடுக்குகிறார்கள், ஐயாவின் காரை மூன்று பேர் சேர்ந்து தேய்க்கிறார்கள். ரெஜினா அக்கா பெட்டி இன்னும் பாதியில்தான் நிற்கிறது. நாளைக்கும் ஓடினால்தான் முடியும்.

அதனால் சர்வர்மேல் பெரிய எழுத்தில் ஒட்டினேன்: 'எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது.' மேகராஜா அண்ணன் குரூப்பிலும் "நாளைக்குப் பெரிய நாள் அண்ணா, பயமா இருக்கு" என்று போட்டேன். "சூப்பர் சிஸ்டர்" என்று பதில் வந்தது, பக்கத்தில் ஒரு நெருப்பு.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

காலையில் முகவரியை மாற்றினேன். எங்கள் கம்பெனிக்கு வரும் மெயில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்கிற ஒரு பதிவு இருக்கிறது. அதில் பழைய சர்வரை எடுத்துவிட்டுக் கிளவுடைப் போட்டேன். ஒரே க்ளிக். ஜிமெயிலிலிருந்து எனக்கு நானே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன். கிளவுடில் வந்து விழுந்தது! சாம்பிள் ரூமில் தனியாக நின்று குதித்தேன். கீழே உடுக்கைச் சத்தம், அதனால் யாருக்கும் கேட்டிருக்காது.

பிறகு பொரி, சுண்டல், பூசணிக்காய், திருஷ்டி எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தோம்.

நகலெடுக்கும் எண்ணிக்கை மதியத்திலிருந்து நகரவில்லை. 'நம்பர் நின்னா பயப்படாதீங்க மக்களே' என்று அண்ணன் வீடியோவில் சொல்லியிருக்கிறார். பயப்படவில்லை. தட்டில் சோறு அப்படியே இருந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஐயா போன் பண்ணினார்.

"அம்மிணி, சென்னை ஏஜென்ட் கூப்புட்டிருந்தாரு. ஜெர்மன்காரன் ஆர்டர் மத்தியானமே போட்டுட்டானாம். ரெஜினா போன்ல ஒண்ணையும் காணோமாமே?"

"வருமுங்கய்யா."

"எப்ப வரும்?"

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். பழைய சர்வரைத் தூரத்திலிருந்து தொட்டுப் பார்க்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். அது பதிலே சொல்லவில்லை. மறுபடி, மறுபடி. செத்துப்போனதுபோல.

"அம்மா, கம்பெனிக்குப் போகணும்!"

அம்மா ஏன் என்று கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறிவிட்டாள். பாதி வழியில் முதுகுக்குப் பின்னாலிருந்து, "அந்தக் கறுப்புப் பொட்டியா?" என்றாள்.

"ஆமா."

"நாந்தான் அணைச்சேன்."

வண்டியை ஓரங்கட்டினேனா, தானாக நின்றதா என்று நினைவில்லை.

"வருஷா வருஷம் அணைக்கிறதுதான கண்ணு. ஆபீஸ் மாடிக்குப் பூஜை எங்க டேபிள்காரிங்கதான் போடுறோம். முன்ன கம்ப்யூட்டர் பாத்துக்கிட்டு இருந்த தம்பி சொல்லிக் குடுத்தான். பட்டனை ஒரே ஒருக்கா அமுக்கோணும், அதுவாத் தூங்கிக்கும்னு. அப்படித்தான் அமுக்குனேன். அடிச்சுக் கிடிச்சு அணைக்கல."

"ஒட்டியிருந்தேனே! படிக்கத் தெரியாதா உனக்கு?"

"படிச்சேன். எக்காரணம் கொண்டும்னுதான போட்டிருந்துச்சு." அம்மா கொஞ்சம் யோசித்தாள். "சாமி ஒரு காரணமா?"

அதற்கு நான் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. டீக்கடையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா மட்டும் பார்க்கவில்லை. அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார். சர்வர் நெற்றியில் சந்தனம், குங்குமம், ஒரு துண்டுச் சாமந்தி. அந்த அறை இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு ஐயாவுக்குப் போன் போட்டேன். ஆர்டர் மெயில் இங்கே வந்து முட்டித் திரும்பிப் போயிருக்கலாம், இப்போதே போட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

அந்தப் பக்கம் ஐயா டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"பூஜை போட்டதை மறுபூஜைக்கு முன்னால ஓட்டுனதில்லம்மிணி. ஒரு தையல் மெஷினைக்கூட."

"ஆர்டர் போயிருமுங்கய்யா."

"போனாப் போகுது" என்று சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குதுல்ல? காலைல மொத வேலையா உன்ற சர்வருக்குத்தான் மறுபூஜை. ஐயர் வராட்டி நானே சூடம் காட்டுறேன். கையை எடு."

எப்படித் தெரிந்தது? கையை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சாப்பிடாமலேயே படுத்துவிட்டாள்.

அக்டோபர் 12, சனி

ஒரு மெயில்கூடத் தவறாது என்று சொன்னவள் யார்? நான்தான். கம்பெனிக்குப் போகும் வழி முழுக்க வண்டிச் சக்கரம் அதையே சொல்லிக்கொண்டு வந்தது.

கண்ணாடி அறையில் இடமில்லை. ஐயா, ரெஜினா அக்கா, தட்டோடு அம்மா, வாசலில் கேமரா பிரபு. ஐயாவே சூடம் ஏற்றினார். சர்வருக்குச் சூடம் காட்டி, யூ.பி.எஸ்.ஸுக்குக் காட்டி, ஏதோ நினைத்துக்கொண்டு என் லேப்டாப்புக்கும் காட்டினார். ஸ்மோக் அலாரம் அடித்தது. யாரும் சிரிக்கவில்லை.

"போடும்மிணி."

பட்டனிடம் கையைக் கொண்டுபோனேன்.

'டிங்.'

ரெஜினா அக்காவின் போன். அவர் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். பிறகு ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள், ஸ்மோக் அலாரமே தோற்றது.

"வந்திருச்சுங்கய்யா! ஜெர்மன்காரன்! ஆர்டர் வந்திருச்சு!"

"அமுக்கு! மொதல்ல அமுக்கு! அப்புறம் கத்தலாம்!"

அமுக்கினார். பச்சை டிக் வந்தது. ஐயா அப்படியே யூ.பி.எஸ். மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து மத்தியானம் கெளம்புனது, இன்னிக்கி ஏன் வருது?" என்று கேட்டார் கொஞ்சம் பொறுத்து.

லேப்டாப்பில் அந்த மெயிலைத் திறந்து, அது வந்த வழியைப் பார்த்தேன். ஒவ்வொரு மெயிலிலும் அந்தத் தடம் உள்ளே இருக்கும். நேற்று மதியமே புறப்பட்டிருக்கிறது. இரவு முழுக்க அனுப்பியவர்கள் வாசலிலேயே வரிசையில் நின்றிருக்கிறது. கதவு திறக்காத வீட்டை மறுபடி மறுபடி தட்டிப் பார்ப்பது மெயில்களின் வழக்கம். ஜெர்மன்காரன் கம்ப்யூட்டருக்கு எங்கள் பழைய முகவரிதான் ஞாபகத்தில் இருந்திருக்க வேண்டும். காலையில் அந்த ஞாபகம் தீர்ந்து புதிதாக விசாரித்தபோது கிளவுட் முகவரி கிடைத்திருக்கிறது.

பழைய சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் நேற்றே அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டிருக்கும். ரெஜினா அக்காவின் பெட்டியில் நேற்றைக்கு முன்னாலிருந்ததை மட்டும்தான் நகலெடுத்துக்கொண்டிருந்தேன். புது மெயில் பழைய பெட்டியில் விழும் என்று யார் தேடியிருப்பார்கள்? இந்நேரம் பிரபு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் தொழில்நுட்ப விஷயம். எல்லாருக்கும் விளக்க முடியாது.

"ஆமா, சர்வரை யாரு அணைச்சது?" ஐயாவின் பார்வை நான் ஒட்டிய காகிதத்தில் இருந்தது. "இவ்வளவு பெருசா எழுதி ஒட்டியிருக்குது. யாருக்குக் கண்ணு தெரியல?"

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள்.

"நான்தானுங்கய்யா அணைக்கச் சொன்னேன்" என்றேன். "அம்மாகிட்ட."

"நீயா?"

"பழையது ஓடிட்டு இருந்தா அந்த மெயிலு அதுக்குள்ள போய் மாட்டிக்கும். அணைச்சு வச்சாத்தான் சுத்திக் கிளவுடுக்கு வரும். காகிதம் மத்தவங்களுக்காக ஒட்டுனது."

"அதுவும் ஒரு டெக்னிக்கா!" ஐயா எழுந்து என் தலைமேல் கை வைத்தார். "அப்புறம் நேத்து சாயங்காலம் போட்டே ஆவோணும்னு குதிச்சியே?"

"அது... பதட்டத்துலங்கய்யா."

அவர் நம்பிவிட்டார். சந்தோஷத்தில் இருப்பவர்கள் எதையும் நம்புவார்கள். ரெஜினா அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். அம்மா சூடத்தட்டை எடுத்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போனாள்.

அதே நாள், வீட்டில்

அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ எப்பச் சொன்னே?"

"உனக்காகத்தாம்மா அப்படிச் சொன்னேன். இல்லாட்டி உன்னைத் திட்டியிருப்பாரு."

"எனக்காகவா." ஒரு வெங்காயம். இன்னொரு வெங்காயம். "நான் அணைச்சதுல கெட்டுச்சா, கெடலியா? அதைச் சொல்லு."

"கெடலைம்மா."

"அப்ப நல்லதாப் போச்சா?"

குக்கர் விசில் வந்தது. நான் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன். திரும்பி வந்தபோது அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்திருந்தாள். மறுபடி கேட்கவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

ரெஜினா அக்கா பெட்டி முழுசாக வந்துவிட்டது. எல்லா டவலும் பத்திரம். நேற்று மறுபடி ஓடவிட்ட பழைய சர்வரை இன்று நானே அணைத்தேன்.

மேகராஜா அண்ணன் வீடியோவைச் சும்மா இன்னொரு முறை ஓடவிட்டேன். விளம்பரம் முடிந்ததும் உடனே ஓர் இடம் வருகிறது. 'முகவரி மாத்துறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே, ஊருக்கு அந்தப் பழைய முகவரி ஞாபகம் இருக்கிற நேரத்தைக் குறைச்சு வைங்க மக்களே. இதை மட்டும் மறந்துராதீங்க' என்கிறார். கையெடுத்துக் கும்பிட்டு வேறு சொல்கிறார்.

இதை அவர் விளம்பரத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

வால்பேப்பரை மாற்றிவிட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

மதியம் செக்கிங் டேபிள் பக்கம் போனேன். தள்ளியிருக்கும்போதே கேட்டது.

"ஏனுங் பழனியக்கா, உம்மக சொல்லித்தான் அந்தப் பொட்டிய அமுக்குனீங்களாமா? ஐயா மாடில வாய் ஓயாமச் சொல்லிட்டு இருக்கறாரு."

"ஆமா," என்றாள் அம்மா. "அவதான் சொன்னா."

"நல்ல கெட்டிக்காரிதான் போங்க! எம்மகளும் இருக்கறாளே, போனை நோண்டுனா ரீல்சுதான்."

"கெட்டிக்காரிதான்."

என்னைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த டவலை மடித்து வைத்துவிட்டு, கிட்டே வா என்று தலையசைத்தாள். போனேன். சாப்பிட்டாயா என்று கேட்பாள் என நினைத்தேன். கழுத்தில் தொங்கிய என் அடையாள அட்டையைப் பிடித்துத் திருப்பினாள். சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்து, போட்டோவில் என் வாய்க்கு நேராக ஒட்டினாள். கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள்.

"என்னம்மா இது?"

"பிசிறு. சின்னதுதான், வெட்டுனாப் போயிரும்." அடுத்த டவலை விரித்துவிட்டாள். "வெட்டாம விட்டாத்தான் மொத்தப் பெட்டியும் திரும்பி வரும்."

பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்குக் கிளவுடும் தெரியாது, முகவரிப் பதிவும் தெரியாது. பிசிறு தெரியும்.

ஐயாவிடம் சொல்லிவிடலாம் என்று வந்து, அவர் அறை வாசலில் நின்று இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். உள்ளே ரெஜினா அக்கா ஆர்டர் அளவுகள் பேசிக்கொண்டிருக்கிறார், முடிக்கிற வழியாக இல்லை. முடிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. எச்சில் தொட்டு அம்பை எடுத்துப் பார்த்தேன். வரவில்லை. நல்ல பசை போட்டுத்தான் வாங்குகிறார்கள்.

"யாரும்மிணி வெளிய? தாரணியா? உள்ள வா, உள்ள வா!"